பாய் உட்கார வேண்டிய முக்காலி

சிம்பாங் ரெங்கத்தில் நெடுஞ்சாலையை விட்டு இறங்கும் லோரிக்காரர்களிடம் நல்ல டயர்க் கடை எங்கே என்று கேட்டால் என் கடைக்குத்தான் வழி சொல்வார்கள். மலாய்க்காரர், சீனர், நம்மவர் யாராக இருந்தாலும் சரி. இதை நான் பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, பெருமைக்காகத்தான் சொல்கிறேன். சாஆ பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்து, நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, ஒட்டுப்பால் பொறுக்கி, லோரியில் எடுபிடியாக ஏறி, அங்கிருந்தே டயர் வேலையைக் கண்ணால் பார்த்துக் கற்றவன் நான். இன்று சொந்த இடத்தில் சொந்தக் கடை. அதுபோக இரண்டு லோரி. பேங்குக்குப் போனால் மேனேஜரே நாற்காலியை இழுத்துப் போடுகிறார். யாரும் கேட்காமலே இதையெல்லாம் சொல்லிவிடுவது என் பழக்கம். "பேங்குல நாக்காலி போட்ட கதைய நேத்தே சொல்லிட்டீங்க" என்பாள் என் மனைவி.

இப்போது எழுத வந்தது வேறொரு உட்காரும் பொருளைப் பற்றி. டிரம்ஸ் வாசிப்பவன் உட்காருகிற வட்டமான சின்ன முக்காலி. பாய் உட்கார வேண்டிய அந்த முக்காலியில் நான் உட்கார்ந்தேன். நடந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. நினைத்தால் காது மடல் இப்போதும் சூடாகிறது.

பாய் என் கடைக்கு எதிர் வரிசையில் சாப்பாட்டுக் கடை நடத்துபவர். தாத்தா காலத்தில் இராமநாதபுரக் கடற்கரையிலிருந்து வந்த குடும்பம். என்னைவிட ஒன்றிரண்டு வயது இளையவர். நான் அவரைப் பாய் என்பேன். அவருக்கும் சொந்தக் கடை, அவரிடமும் வேலையாட்கள் உண்டு. ஆனாலும் என்னை "முதலாளி" என்றுதான் கூப்பிடுவார். நான் அதை மாற்றச் சொன்னதில்லை. காதுக்கு நன்றாகத்தான் இருந்தது.

டிரம்ஸ் செட் என் கைக்கு வந்தது தற்செயலாக. ஜொகூர் பாருவில் ஒரு பழைய ஹோட்டலை இடித்தபோது அங்கே சாமான் அள்ளப் போன லோரிக்காரர் ஒருவர், "தவுக்கே, இது வேணுமா, இல்ல தூக்கிப் போட்டுறவா?" என்று என் கடை வாசலில் இறக்கினார். தவுக்கே என்றால் இங்கே முதலாளி. காலால் மிதிக்கும் பெரிய டிரம், மடியருகே இருக்கும் சின்ன டிரம், இரண்டு பித்தளைத் தட்டு, எல்லாமே தூசி. தோட்டத்துத் திருவிழா மேடையில் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு குளுவாங்கிலிருந்து வந்து வாசித்த ஓர் ஆளைச் சின்ன வயதில் வாய் பிளந்து பார்த்திருக்கிறேன். அந்த ஆள் ஞாபகத்துக்கு வந்துவிட்டான். வாங்கினேன். கடைக்குப் பின்னால் ஜிங்க் தகரக் கொட்டாய் ஒன்று கிடந்தது. அதில் செட்டை வைத்து, சத்தம் அடங்கட்டும் என்று சுற்றிலும் பழைய டயர்களைச் சுவர்மாதிரி அடுக்கினேன். யாரிடமும் பாடம் கேட்கவில்லை. ரேடியோவோடு சேர்ந்து அடித்து அடித்தே கற்றேன். கற்றுவிட்டேன் என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, மதியச் சாப்பாட்டுக் கூட்டம் ஓய்ந்த நேரத்தில், கைலியும் வெள்ளைத் தொப்பியுமாகப் பாய் வந்து கொட்டாய் வாசலில் நின்றார்.

"முதலாளி, நான் ஒரு தடவ தொட்டுப் பாக்கலாமா?"

பள்ளிக்கூடத்துப் பேண்டு வாத்தியக் குழுவில் இரண்டு வருஷம் டிரம் அடித்தவராம். அவருடைய அத்தாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, அது பிடிக்கவில்லை. ஊர்வலத்தில் அடித்துக்கொண்டு போனவரைப் பாதித் தெருவில் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து கடைக் கல்லாவில் உட்கார வைத்துவிட்டாராம். அதோடு சரி. அதற்குப் பிறகு மேசை, தட்டு, தேத்தண்ணிக் குவளை, எது கைக்குக் கிடைத்ததோ அதில்தான் வாசிப்பு. அன்றிலிருந்து ஞாயிறு மதியம் எங்களுக்கென்று ஆனது.

பைப்பில் புகையிலை பிடிப்பது என்னுடைய பழக்கம். தோட்டத்தில் பெரிய துரை வருவதற்கு முன்னால் அவருடைய பைப்பு வாசனை வரும். வாசனை வந்ததுமே என் அப்பா தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொள்வார். அந்த வாசனையை என்றைக்காவது நான் விடவேண்டும் என்று இருந்தது. கடை என் பெயருக்கு வந்த வருஷம் நான் வாங்கிய முதல் வீண் பொருள் ஒரு பைப்பு. டிரம்ஸ் வந்த பிறகு அதில் ஒரு வசதியும் தெரிந்தது. சிகரெட்டோடு டிரம்ஸ் வாசிக்க முடியாது. கை இரண்டிலும் குச்சி இருக்கும். உதட்டில் வைத்தால் சாம்பல் டிரம் தோலில் விழும், புகை கண்ணைக் கரிக்கும். பைப்பைப் பல்லில் கடித்துவிட்டால் கடித்த இடத்தில் நிற்கும். பாய் அதுவரை சிகரெட்காரர். சாப்பாட்டுக் கடைகளில் புகைக்கக் கூடாது என்று சட்டம் வந்த பிறகு, தன் கடைக்கு வெளியே வெயிலில் நின்று திருடன் மாதிரி இழுத்துவிட்டு வருவார். நான் என் பழைய பைப்பு ஒன்றைக் கொடுத்தேன். "சொந்தக் கடையில தொரத்துறாங்க, வாடகக் கொட்டாயில ராஜா மாதிரி ஒக்கார வைக்கிறீங்க" என்றார். வாடகை ஒன்றும் நான் வாங்கவில்லை. அது அவருடைய கிண்டல்.

ஒரு செட், இரண்டு ஆள். முதலில் கொஞ்ச நாள் யார் எவ்வளவு நேரம் வாசிப்பது என்று முனகல் இருந்தது. பிறகு எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டானது. வாசிக்காமல் சும்மா உட்கார்ந்திருப்பவன் தன் பைப்பை நிரப்பிப் பற்றவைப்பான். அவன் புகைத்து முடித்து, சாம்பலை டயர் ரிம்மில் தட்டினால் வாசிப்பவன் எழுந்துவிட வேண்டும். கடிகாரம் பார்ப்பதில்லை. பைப்பை நிதானமாக இழுத்தால் நெடுநேரம் வரும். அவசரமாக இழுத்தால் சீக்கிரம் தீரும். ஆனால் பைப்பின் கிண்ணம் கொதித்து நாக்கு பொத்துப்போகும். அதனால் எவனும் ஏமாற்றமாட்டான் என்பது எங்கள் கணக்கு. பாய் கடைசிவரை ஏமாற்றவில்லை. என் பாட்டுக்கு நான் அடித்துக்கொண்டிருப்பேன். அவர் ஒரு டயர்மேல் சாய்ந்து, கண்ணை மூடி, மூக்கால் புகைவிடுவார். அவருடைய புகையிலை தீரவே தீராது.

வாசிக்கும்போது எனக்கும் பல்லிடுக்கில் பைப்பு இருக்கும். அதில் இன்னொரு விஷயம் இருந்தது. ரொம்ப நாள் எனக்கே தெரியாது. கை வேகமானால் மூச்சும் வேகமாகும். மூச்சு வேகமானால் பைப்பு கொதித்து நாக்கைச் சுடும். சுட்டதும் தன்னாலே நிதானமாகிவிடுவேன். என் தாளத்தை இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தது அந்தச் சூடுதான். நான் அதை என் திறமை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன வருஷம் ஒருநாள் பாய் வேலைநாளிலேயே என் கடைக்கு வந்தார். முகத்தில் ஏதோ மினுமினுப்பு.

"முதலாளி, ஒரு ஒதவி."

"கேளுங்க பாய்."

"மெர்சிங்லேர்ந்து ஒரு வாத்தியார் ஞாயித்துக்கெழம வராரு. தமிழ்ப்பள்ளி தலைமையாசிரியரா இருந்து ரிட்டையர் ஆனவரு. பழைய பாட்டு பாடுற செட்டு ஒண்ணு வச்சிருக்காரு. அவுங்க டிரம்மர் மகனோட சிங்கப்பூருக்கே போயிட்டாராம். நம்ம கடையில சாப்புட ஒக்காந்தப்ப, நான் கல்லாவுல ரேடியோவுக்கு ரெண்டு கரண்டியால தட்டிக்கிட்டு இருந்தேன். கேட்டுட்டு, என்னைய செட்டுல ஒக்கார வச்சுக் கேக்கணும்னாரு."

"ஒங்களையா?"

அந்தக் கேள்வி என் வாயைத் தாண்டி வந்துவிட்டது. பாய் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. "அதத்தான் நானும் கேட்டேன் லா" என்று சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. "மேடையில ஒரே ஒரு தடவ ஒக்காந்துட்டாப் போதும் முதலாளி. எங்கத்தா மௌத்தாகி எத்தன வருஷமாச்சு! இன்னமும் டிரம்முல ஒக்காந்தா பின்னாடி யாரோ காதப் புடிக்க வர்ற மாதிரி இருக்கு. ஒரு தடவ மேடையில வாசிச்சிட்டா அது போயிரும்."

"அதுக்கென்ன பாய், என் டிரம்மு ஒங்க டிரம்மு" என்றேன்.

சொன்னேனே தவிர, அன்று முழுவதும் ஒரு மாதிரியாக இருந்தது. என் கொட்டாய்க்கு, என் டிரம்ஸைத் தேடி, மெர்சிங்கிலிருந்து ஒரு படித்த மனிதர் காரோட்டிக்கொண்டு வருகிறார். வந்து கேட்கப்போவது இன்னொருத்தரை. கோயில் கமிட்டியில் என்னைக் கேட்காமல் ஒரு குழாய்கூட மாற்றமாட்டார்கள். இங்கே என் கூரைக்கடியில் நான் வேடிக்கை பார்க்க வேண்டுமா?

ஞாயிறு வந்தது. வாத்தியார் தேய்த்த சட்டை, சட்டைப் பையில் பேனா. கூட ஒருவர், கீபோர்டு வாசிப்பவர், தலையில் தொப்பி, எதைப் பார்த்தாலும் உதட்டோரம் ஒரு சிரிப்பு. நான் வாசல்வரை போய் வரவேற்றேன். பாய் கடையிலிருந்தே தேத்தண்ணி வரவழைத்து, என் விருந்தாளிகள் மாதிரி உபசரித்தேன். பாய் அன்று கைலி கட்டவில்லை. கால்சட்டையும் புதுச் சட்டையும் போட்டிருந்தார். சட்டையில் மடிப்புக் கோடு இன்னும் போகவில்லை.

"மொதல்ல நான் கொஞ்சம் வாசிச்சு சூடு பண்ணி விடுறேன். டிரம்மு ஆறிப்போயிக் கெடக்கு" என்று முக்காலியில் உட்கார்ந்தேன்.

ஜிங்க் கூரைக்கு அடியில், மதியம் இரண்டு மணி வெயிலில்! கீபோர்டுகாரர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, "ஆமாமா, ரொம்பத்தான் குளிருது" என்றார்.

பாய் வழக்கப்படி பைப்பைப் பற்றவைத்தார். அவருக்கு அதை வேகமாக இழுக்கத் தெரியாது. நான் எனக்குத் தெரிந்த பாட்டெல்லாம் வாசித்தேன். நடுநடுவே கடை ஆரம்பித்த கதை, லோரி வாங்கின கதை. வாத்தியார் தலையாட்டினார். இரண்டு மூன்று முறை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். குளுவாங் தாண்டி, காட்டுப்பாதையில் இருட்டுவதற்கு முன் போகவேண்டும் அவருக்கு. பாய் ஒரு வழியாகச் சாம்பலைத் தட்டினார். நான் எழுந்தேன்.

பாய் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். குச்சியைக் கையில் எடுத்து, வாய்க்குள் என்னமோ முணுமுணுத்தார். பிறகு வாசித்தார்.

அதை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. அதே செட், அதே குச்சிதான். நான் அடித்தால் சத்தம் கேட்கும். அவர் அடித்தால் பாட்டு கேட்கும். யாரும் பாடாமலே கேட்கும். வாத்தியாரின் கால் ஆட ஆரம்பித்தது. கீபோர்டுகாரர் உதட்டோரச் சிரிப்பை விட்டுவிட்டுத் தொடையில் விரலால் கட்டை அழுத்திக்கொண்டிருந்தார். வாத்தியார் மெல்ல ஒரு பழைய பாட்டைப் பாட ஆரம்பித்தார். பாய் அதன் பின்னாலேயே போனார். முன்னால் போகவே இல்லை.

நான் பைப்பை நிரப்பினேன். எப்போதும் அழுத்தி நிரப்புபவன், அன்று பஞ்சு மாதிரி லேசாகப் போட்டேன். பற்றவைத்து இழுத்தேன். இழுத்தேன் என்றால், துருத்தி மாதிரி இழுத்தேன். கொட்டாய் புகைந்துவிட்டது. நாக்கின் நுனி வெந்தது. கிண்ணத்தைப் பிடித்த விரல் சுட்டது. விடவில்லை.

"என்ன சார், சமையலா நடக்குது?" என்று பாட்டு நடுவே வாத்தியார் இருமினார்.

பாட்டு சரணத்துக்கு வந்திருந்தது. நான் பைப்பைக் கவிழ்த்து ரிம்மில் தட்டினேன். டங், டங், டங்.

பாயின் கை அப்படியே நின்றது. என்னைப் பார்த்தார். என் கையிலிருந்த பைப்பைப் பார்த்தார். குச்சி இரண்டையும் சேர்த்து டிரம்மேல் வைத்துவிட்டு எழுந்தார்.

"ஏன் பாய் நிறுத்திட்டீங்க?" என்றார் வாத்தியார்.

"நேரம் முடிஞ்சிருச்சு சார்."

"என்ன நேரம்?"

பாய் வாயைத் திறப்பதற்குள் நான்தான் முந்திக்கொண்டேன். "அது எங்களுக்குள்ள ஒரு பழக்கம் சார். மிச்சத்த நான் வாசிக்கிறேன், பாடுங்க" என்று உட்கார்ந்துவிட்டேன். வாசித்துக்கொண்டே பேசினேன். மெர்சிங் வரை சாமான் கொண்டுபோக லோரி இருக்கிறது, ஏற்ற இறக்க ஆள் இருக்கிறது, எந்த நாள் கூப்பிட்டாலும் வண்டி வந்து நிற்கும் என்றேன். வாத்தியார் கீபோர்டுகாரரைப் பார்த்தார். கீபோர்டுகாரர் தோளைக் குலுக்கினார். வாத்தியார் பாயைப் பார்த்தார். பாய் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப... நீங்களே வாங்களேன் சார்" என்றார் வாத்தியார் என்னிடம்.

பாய் என் கையைப் பிடித்து, "சந்தோஷம் முதலாளி" என்றார். பிறகு குடித்து வைத்த தேத்தண்ணிக் குவளைகளைத் தானே பொறுக்கித் தட்டில் அடுக்கி எடுத்துக்கொண்டு தன் கடைக்குப் போனார். புதுச் சட்டையின் முதுகு நனைந்திருந்தது.

சாயங்காலம் என் மனைவியிடம் மெர்சிங் மேடை விஷயத்தைப் பெருமையாகச் சொன்னேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவே இல்லை.

"பாய பொண்ணு பாக்க வந்தவங்க முன்னாடி நீங்க போயி மணையில ஒக்காந்துட்டீங்களா?"

"என்ன பேச்சு இது? அவங்களாத்தான் கேட்டாங்க."

"ஆமா, கேட்டாங்க. நாக்கு ஏன் செவந்து கெடக்கு?"

அன்றைக்கு எனக்கு ரசச்சோறுகூட இறங்கவில்லை. காரம் பட்டால் எரிந்தது.

மெர்சிங்கில் நிகழ்ச்சி, ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் கூடுகிற ஒரு மதிய விருந்து. படகுத்துறைக்குப் பக்கத்தில், கடலைப் பார்த்த மாதிரி ஒரு மண்டபம். டிரம்ஸைக் கழற்றி லோரியில் ஏற்றவேண்டிய காலையில் பாய் வந்து நின்றார். கடையை மகனிடம் விட்டுவிட்டு வந்திருந்தார்.

"நீங்க எதுக்கு பாய்?"

"பித்தளத் தட்ட கழட்டத் தெரியாம ஒங்க பசங்க திருகி ஒடச்சிருவாங்க. நானும் வரேன்."

ஒவ்வொன்றையும் அவரே கழற்றினார், துணியில் சுற்றினார், கயிறு போட்டார். வழியில் சாப்பிட முர்தபா கட்டிக்கொண்டு வந்திருந்தார். குளுவாங், காஹாங், ஜெமாலுவாங் என்று போகும் அந்த வழி முழுக்க நான்தான் பேசினேன். அவர் பொட்டலத்தைப் பிரித்துப் பெரிய துண்டாகப் பார்த்து எனக்குக் கொடுத்தார்.

மண்டபத்தில் சாமான் இறக்கிக்கொண்டிருந்தபோது நான் லோரிக்கு இந்தப் பக்கம் நின்றிருந்தேன். அந்தப் பக்கம் கீபோர்டுகாரரிடம் யாரோ கேட்டார்கள், புது டிரம்மர் எப்படி என்று.

"டிரம்மரா? நம்ம சார் லோரியப் புடிச்சாரு, அதோட ஒரு டிரம்மரும் வந்துச்சு" என்றார் கீபோர்டுகாரர். இரண்டு பேரும் சிரித்தார்கள்.

லோரியின் பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பாய் எனக்குப் பக்கத்தில்தான் இருந்தார், பெரிய டிரம்மைத் தூக்கியபடி. அவர் காதிலும் விழுந்திருக்கும். "முதலாளி, கொஞ்சம் வழி விடுங்க, கனமா இருக்கு" என்று மட்டும் சொன்னார்.

அப்போதாவது நான் சொல்லியிருக்கலாம். பாய், நீங்க ஒக்காருங்க. ஒரு வாக்கியம்தான். மேடையில் துணி விரித்திருந்தார்கள், வண்ண விளக்கு போட்டிருந்தார்கள். முன்வரிசையில் கோட்டுப் போட்டவர்கள். நான் ஏறி உட்கார்ந்துவிட்டேன்.

குளிர்சாதன மண்டபம். புகைக்கக் கூடாது. பற்றவைக்காத பைப்பைப் பல்லில் கடித்துக்கொண்டு ஆரம்பித்தேன். முதல் பாட்டு மெதுவான காதல் பாட்டு. பல்லவி சரியாகப் போனது. அப்புறம் முன்வரிசையில் ஒரு அம்மா என்னைக் காட்டிப் பக்கத்து அம்மாவிடம் என்னவோ சொன்னதைப் பார்த்தேன். கை சூடு பிடித்தது. பிடித்தது நிற்கவில்லை. வெறும் பைப்பு என் நாக்கைச் சுடவில்லையே, நான் எதற்கு நிதானமாவேன்? வாத்தியார் ஒரு வரியை முழுங்கினார், அடுத்த வரியை ஓடிப்போய்ப் பிடித்தார். திரும்பி இடது கையைத் தாழ்த்திக் காட்டினார், மெதுவா, மெதுவா என்று. எனக்கு அது சபாஷ் மாதிரி தெரிந்தது. இன்னும் ஏறினேன். காதல் பாட்டு கல்யாணத்துக்கு நேரமாகிவிட்டவன் மாதிரி ஓடியது. வாத்தியாருக்கு மூச்சு வாங்கியது. யாரோ ஒருவர் சாப்பாட்டு மேசையிலிருந்து, "ஐயா, கப்பல் இன்னும் கெளம்பல, மெதுவாவே பாடலாம்!" என்று கத்தினார். மண்டபமே சிரித்தது.

பாட்டு பாதியில் நின்றது. வாத்தியார் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவர் என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

கீழே பார்த்தேன். பாய் கடைசி வரிசையில் நின்றுகொண்டிருந்தார். அவர் சிரிக்கவில்லை.

இங்கேதான் நான் செய்ததிலேயே கேவலமான காரியத்தைச் செய்தேன். எழுந்தேன். எழுந்து பேசாமல் இறங்கியிருக்கலாம். போய் மைக்கைப் பிடித்தேன்.

"பெரியோர்களே, நான் சாதாரண தோட்டத்துல பொறந்து சொந்தக் காலுல நின்னவன். நான் முன்னுக்கு வந்தா மத்தவங்களையும் முன்னுக்குக் கொண்டுவரணும்னு நெனைக்கிறவன். இங்க எனக்கு ஒரு கூட்டாளி இருக்காரு. பாவம், மேடையப் பாத்ததில்ல. அவருக்கு என் எடத்த விட்டுக் குடுக்குறேன்..."

கைதட்டினார்கள். உண்மையாகவே தட்டினார்கள். எனக்கு இன்னும் இரண்டு வார்த்தை பேசலாம் போலிருந்தது. அதற்குள் பாய் பக்கவாட்டுப் படியேறி என் பக்கத்தில் வந்துவிட்டார். மைக்கில் விழாமல், பல்லுக்குள்ளேயே சொன்னார்:

"பேச்ச நிறுத்துங்க முதலாளி. பாட்டு நிக்கிது."

அத்தனை வருஷத்தில் அவர் என்னிடம் கடுமையாகப் பேசிய ஒரே வார்த்தை அதுதான். இறங்கினேன். இறங்கும்போது கால் ஒரு வயரில் சிக்கித் தடுமாறினேன். அதற்கும் யாரோ கைதட்டினார்கள்.

பாய் உட்கார்ந்தார். ஒரே ஒரு தடவை, சட்டென்று, தலையைத் திருப்பித் தனக்குப் பின்னால் பார்த்தார். திரைச்சீலை மட்டும்தான் இருந்தது. பிறகு வாத்தியாரைப் பார்த்துத் தலையசைத்தார்.

அதே பாட்டு. இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. சாப்பாட்டு மேசையில் கரண்டிச் சத்தம் குறைந்தது. நான் கடைசி வரிசையில், பாய் நின்ற இடத்திலேயே நின்று கேட்டேன். இரண்டாவது பாட்டு, மூன்றாவது பாட்டு, பிறகு கூட்டம் கேட்டு வாங்கின பாட்டுகள். எனக்குப் பெருமையாக இல்லை, பொறாமையாகக்கூட இல்லை. வெறும் வெட்கம். பாக்கெட்டில் கைவிட்டால் பைப்பு இருந்தது. வெளியே போய்ப் பற்றவைக்கலாம். போகத் தோன்றவில்லை.

சாமான் ஏற்றும்போது வாத்தியார் வந்தார். "பெரிய மனசு சார் ஒங்களுக்கு" என்று கை கொடுத்தார். பிடித்த கையை விடாமலே, "ஆனா அந்த மனச அன்னிக்கி ஒங்க கொட்டாயிலயே காட்டியிருந்தா இன்னிக்கி எனக்கு மூச்சு வாங்கியிருக்காது" என்றார். எத்தனை பிள்ளைகளை நிற்கவைத்துக் கேட்டிருப்பார்! நான் நாலாம் வகுப்போடு நின்றவன். அன்று மறுபடியும் வகுப்பில் நின்றேன்.

திரும்பும் வழியில் காஹாங் பக்கம் மழை பிடித்தது. இரண்டு பக்கமும் செம்பனைக் காடு, முன்னால் ஒன்றும் தெரியவில்லை. லோரியை மெதுவாக ஓட்டினேன். நான் பேசவில்லை. நான் பேசாமல் வண்டி ஓட்டியது அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

"பாய்."

"சொல்லுங்க முதலாளி."

"அன்னிக்கி நான் பைப்ப..."

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"கருகுன வாசன வந்துச்சே. அடுப்படியில வளந்தவன் நான். கருகுனா எனக்குத் தெரியாதா?"

வைப்பர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய்க்கொண்டிருந்தது.

"தெரிஞ்சுமா எந்திரிச்சீங்க? பேசாம வாசிச்சிக்கிட்டே இருந்திருக்கலாம்ல? வாத்தியார் ஒங்களக் கேக்கத்தானே வந்தாரு?"

"எந்திரிக்கலன்னா அடுத்த ஞாயித்துக்கெழம நான் எங்க போறது முதலாளி?" என்றார் பாய். "டிரம்மு ஒங்களுது. கொட்டாய் ஒங்களுது. இந்தப் பைப்பும் நீங்க குடுத்ததுதான்."

கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் இரண்டு பேசியிருப்பேன். இன்றைக்கு மீன் கறி இல்லை என்று கடையில் சொல்வாரே, அப்படிச் சொன்னார். இத்தனை காலமும் நாங்கள் இரண்டு கூட்டாளிகள், எங்களுக்குள் ஒரு வழக்கம் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவருக்கு அது வழக்கமாக இருந்ததே இல்லை. ஒவ்வொரு ஞாயிறும் அடுத்த ஞாயிற்றைக் காப்பாற்றிக்கொண்டு போயிருக்கிறார்.

"செட்ட ஒங்க வீட்டுக்கே கொண்டுபோயிருங்க பாய்" என்றேன்.

"கட மாடியில குடியிருக்கேன். கீழ சாப்புடுறவன் தட்டுல சுண்ணாம்பு கொட்டும்."

"அப்ப கொட்டாய் சாவி ஒண்ணு வெட்டித் தரேன்."

"சாவி குடுத்தா நீங்க இல்லாதப்பவும் வருவேன்."

"வாங்க."

"நீங்க இல்லாதப்ப இன்னும் நல்லா வாசிப்பேன்" என்று சொல்லிவிட்டு, கடகடவென்று சிரித்தார். நானும் சிரித்தேன். மழையைச் சாக்கிட்டு லோரியின் முன்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

இப்போது மெர்சிங் செட்டில் பாய்தான் டிரம்மர். நிகழ்ச்சி இருந்தால் லோரி என்னுடையது, ஓட்டுவதும் நான்தான். ஞாயிறுகளில் நாங்கள் உட்கார்வதும் உண்டு. முன்னைப்போல் முறை வைப்பதில்லை. அவர் வாசிக்கட்டும் என்று விட்டுவிடுகிறேன். சில வேளை அவரே, "வாங்க முதலாளி, கொஞ்சம் ஒக்காருங்க" என்பார். "முதலாளின்னு கூப்பிட வேணாம் பாய்" என்று ஒருநாள் சொல்லிப் பார்த்தேன். "வேற எப்புடிக் கூப்புடுறது? வாய்க்கு வரலியே" என்றார். அத்தனை ஆழத்துக்கு அதை நான் போகவிட்டிருக்கிறேன்.

வேலைநாள்களில் அவர் கடையில் கூட்டம் குறைந்த நேரமாகப் பார்த்து, பின்வழியாக வந்து கொட்டாயைத் திறந்து வாசிப்பார். நான் முன்னால் டயர் மாற்றிக்கொண்டிருப்பேன். டயர்ச் சுவரைத் தாண்டி மெல்லக் கேட்கும். போன வாரம் சிங்கப்பூருக்குக் காய்கறி ஏற்றிப் போகிற ஒரு தம்பி காதைத் தீட்டிக்கொண்டு கேட்டான்.

"யாரு தவுக்கே, இவ்ளோ நல்லா வாசிக்கிறது?"

பாய் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "டிரம்மு என்னுது, ஜொகூர் பாரு ஹோட்டல்லேர்ந்து வாங்குனது" என்றுதான் முதலில் வந்தது. அந்தத் தம்பி தலையாட்டிவிட்டுக் காத்திருந்தான். கேட்ட கேள்விக்குப் பதில் வரவில்லையே.

"வாசிக்கிறது பாய்" என்றேன். "எதிர்த்த கடை பாய்."

அவர் பெயரைக் கேட்டான். சொன்னேன். இந்த வயதில், இத்தனை பேச்சு பேசினவன், அந்தப் பெயரை இன்னொருவரிடம் முழுதாகச் சொன்னது அதுதான் முதல் தடவை.